கண் சிகிச்சைச் செவிலியத்தில் மேற்படிப்பு படிக்கலாமா?

தொண்டியிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டாராம். கண் சிகிச்சைப் பக்கம் மேலே படிக்க ஆசை. வீட்டிலோ, "சொட்டு மருந்து விட எதற்கு இன்னும் ரெண்டு வருஷப் படிப்பு?" என்கிறார்களாம்.

தாராளமாகப் படியுங்கள். நான் சாயல்குடிப் பக்கம். பல வருடமாகக் கண் வார்டில்தான் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பனையேறி ஒருவரைக் கண்ணைப் பொத்தியபடி கூட்டி வந்தார்கள். பதநீர்க் கலயத்தில் தடவும் சுண்ணாம்பு கண்ணில் தெறித்துவிட்டது. கண் நோயாளி வந்தால் முதலில் பார்வை அளவைக் குறிக்க வேண்டும் என்று படித்திருந்தேன். அதனால் அவரை எழுத்துப் பலகை முன்னால் உட்காரவைத்தேன். மூத்த சிஸ்டர் ஓடிவந்து, அவரைப் படுக்கவைத்து சலைனால் கழுவத் தொடங்கினார். மேல் இமையைத் திருப்பி, உள்ளே ஒட்டியிருந்த துகள்களைப் பஞ்சுக் குச்சியால் எடுத்தார். அரை மணி நேரம் விடாமல் கழுவினோம். சுண்ணாம்பு காரத்தன்மை (அல்கலி) உள்ள பொருள்; பெரும்பாலான அமிலங்களைவிட ஆழமாகக் கருவிழிக்குள் இறங்கும். ஒரு துகள் மிஞ்சினாலும் எரித்துக்கொண்டே இருக்கும். ரசாயனம் பட்ட கண்ணுக்கு முதலில் தண்ணீர், அப்புறம்தான் எழுத்துப் பலகை. நான் வீணாக்கிய அந்தச் சில நிமிடங்கள் இன்றும் என்னை உறுத்துகின்றன. மேலே படித்தே ஆக வேண்டும் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

சொட்டு மருந்தும் லேசான விஷயமில்லை. கண் அழுத்தத்துக்குக் கொடுக்கும் டிமோலால் சொட்டு, ஆஸ்துமா இருப்பவருக்கு மூச்சுத் திணறலைக் கொண்டுவரலாம். கேட்காமல் விட்டால் ஆபத்து.

சரி, படிப்புக்கு வருவோம். நம் நாட்டு எம்.எஸ்சி. நர்சிங் இரண்டு வருடம். அதில் மருத்துவ அறுவைச் சிகிச்சைப் பிரிவை எடுங்கள், கண் அதற்குள்தான் வருகிறது. பி.எஸ்சி.க்குப் பின் ஒரு வருடப் பணி அனுபவம் கேட்பார்கள். அந்த வருடத்தைக் கண் மருத்துவமனையிலேயே கழியுங்கள் என்பதுதான் நான் அழுத்திச் சொல்வது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் பிளஸ் டூ முடித்த பெண்களுக்குத் தரும் இரண்டு வருடக் கண் உதவியாளர் பயிற்சி வேறு; அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பிரிட்டனில் கண் செவிலியத்துக்கென்றே தனி மேற்படிப்பு உண்டு. பயிற்சி பெற்ற செவிலியர்களே அங்கே விழித்திரை நோய்க்குக் கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள்.

ஆய்வுத் தலைப்புக்கு எங்கேயும் அலைய வேண்டாம். வாலிநோக்கம் உப்பளத்தில் வெள்ளை வெயிலைப் பார்த்துப் பார்த்து, கண்ணில் சதை வளர்ந்த பெண்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், சுண்ணாம்பு விழுந்தால் அந்த இடத்திலேயே, கையில் இருக்கும் குடிதண்ணீரால் கழுவ வேண்டும் என்பது நம்மூர்ப் பனையேறிகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று விசாரியுங்கள். அந்த ஆய்வை முதலில் வாங்கிப் படிப்பவள் நானாக இருப்பேன்.