இளம்பிள்ளைச் சேலை, ஆன்லைன் விற்பனை: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

எட்டு வருடமாக சேலம் பக்கம் இளம்பிள்ளை ஊரில் இருந்து சேலை விற்கிறேன். முதலில் வாட்ஸ்அப், அப்புறம் இன்ஸ்டாகிராம், மீஷோ. கேளுங்கள்.

அக்கா, ஜிஎஸ்டி எண் இல்லாமல் மீஷோ மாதிரி தளத்தில் விற்க முடியுமா?

முடியும். முன்பெல்லாம் ஒரு சேலை விற்றாலும் எண் வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல், வருட விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்து தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால், ஜிஎஸ்டி போர்ட்டலில் ஒரு என்ரோல்மென்ட் எண் வாங்கினால் போதும். பெங்களூருக்கும் அனுப்ப ஆசை என்றால் முழுப் பதிவுதான்.

கமிஷன் கிடையாது என்கிறார்களே, லாபம் முழுக்க நமக்குத்தானே?

மீஷோ 2021இல் கமிஷனை நீக்கியது உண்மை. ஆனால் எந்த வழியில் விற்றாலும் காசு கரைவது திரும்பி வரும் பார்சலில்தான். என் இன்ஸ்டா கணக்கையே சொல்கிறேன்: அடக்கம் 380, விலை 450, கையில் 70. கேஷ் ஆன் டெலிவரியில் ஒருத்தர் வாங்காமல் திருப்பினால் போக வர கூரியர் 140, அதாவது இரண்டு சேலையின் லாபம் போச்சு. பேக்கிங் செய்யும்போதும் திரும்பி வந்ததைப் பிரிக்கும்போதும் வீடியோ எடுங்கள். எனக்கு ஒருமுறை புதுச் சேலைக்குப் பதில் பழைய துண்டு வந்தது, வீடியோ இல்லை, பணமும் இல்லை.

முதலீடு எவ்வளவு வேண்டும்?

சரக்கு வாங்கி வைக்காமல் விற்கும் ரீசெல்லர் என்றால் முதலீடே வேண்டாம். மொத்தக்காரரின் வாட்ஸ்அப் குரூப்பில் வரும் படத்தை ஸ்டேட்டஸில் வையுங்கள், ஆர்டர் வந்தால் மொத்தக்காரரே உங்கள் பெயரில் அனுப்புவார்.

வீட்டில் ஊறுகாய் போடுகிறேன்…

எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு எடுங்கள், 14 இலக்க எண் லேபிளில் இருக்க வேண்டும். மற்றதை உணவு விற்கிறவர்களிடம் கேளுங்கள்.

ரீசெல்லர் என்பவர் புது இடைத்தரகர்தானே? தறிக்காரருக்கு என்ன கிடைத்தது?

நியாயமான கேள்வி. பாவும் ஊடையும் (நெடுக்கு, குறுக்கு நூல்) வாங்கிக்கொண்டு கூலிக்குத் தறி ஓட்டுகிறவருக்கு, சேலை கடையில் விற்றாலும் இன்ஸ்டாவில் விற்றாலும் அதே கூலிதான். சொந்தத் தறி வைத்து, சொந்த போனில் விற்கிறவருக்குத்தான் வித்தியாசம் தெரிந்தது. இன்னொரு கூத்து, விசைத்தறிச் சேலையை ‘கைத்தறி’ என்று போட்டு விற்பது. அதில் அடிபடுவது நிஜக் கைத்தறிக்காரர்.

அப்படிச் சொல்லாதீர்கள் அக்கா. என் அம்மா ரீசெல்லர், அதில்தான் என் காலேஜ் ஃபீஸ்.

அம்மாவைச் சொல்லவில்லை, தம்பி. வாசல் தாண்ட விடாத வீட்டில் இருந்து போனை வைத்தே சம்பாதிக்கிறார்கள், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஒரே படத்தை நூறு பேர் போட்டு, ஆளுக்குப் பத்து ரூபாய் குறைக்கிறார்கள், அந்தப் பத்து கடைசியில் தறிக்கூலியில்தான் வந்து விழுகிறது. அம்மாவிடம் வாடிக்கையாளர் எண்களை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். இன்ஸ்டா கணக்கு முடங்கினால் அந்த நோட்டுதான் கடை.

பணம் அனுப்பிவிட்டேன், ஸ்கிரீன்ஷாட் பாருங்கள் என்கிறார்கள்…

வங்கிக் கணக்கைப் பாருங்கள். பணம் வாங்க யுபிஐ பின் எண் போடவே தேவையில்லை.

முதலீடு எவ்வளவு அக்கா?

மேலே இருக்கிறது.

போட்டோவுக்கு எந்த போன்?

கையில் இருப்பது. பகல் வெளிச்சத்தில் எடுங்கள், ஃபில்டர் போட்டால் நிறம் மாறி சேலை திரும்பி வரும்.

எவ்வளவு முதல் போட…

மேலே, மேலே! பேக்கிங் வீடியோ பற்றி எவராவது கேட்கிறீர்களா?