கருப்பையை எடுத்த பிறகும் அடி இறக்கமா?

கேள்வி: எனக்கு வயது 58. 12 ஆண்டுகளுக்கு முன்பு கட்டிக்காகக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். ஓராண்டாக, மாலையானால் பிறப்புறுப்பில் ஓர் உருண்டை கையில் தட்டுப்படுகிறது. படுத்து எழுந்தால் காணாமல் போகிறது. சில நேரம் அதை விரலால் உள்ளே தள்ளினால்தான் சிறுநீர் முழுமையாகப் பிரிகிறது. கீழ் வழியாகவே தையல் போட்டுச் சரிசெய்யலாம் என்கிறார் ஒரு மருத்துவர். வயிற்றில் துளையிட்டு வலை வைக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். வலை என்றாலே பயமாக இருக்கிறது. கருப்பையே இல்லாதபோது இறங்குவது எது? நான் எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: சகோதரி, சட்டைக் கையின் நுனியைப் பிடித்து உட்புறம் வெளியே வரும்படி இழுத்துப் பாருங்கள், உங்கள் உடலில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். கருப்பையை எடுக்கும்போது யோனியின் மேல் முனையைத் தைத்து மூடிவிடுகிறார்கள். அந்த முனையை மேலே பிடித்து வைத்திருக்கும் தசைநார்கள் பிரசவங்களாலும் வயதாலும் நாள்பட்ட மலச்சிக்கலாலும் தளரும்போது முனை கீழிறங்குகிறது. பெரும்பாலும் சிறுநீர்ப்பையோ குடலோ அதன் பின்னாலேயே சரிந்து வருகிறது. படுத்தால் மறைவதும், தள்ளினால் சிறுநீர் பிரிவதும் இதனால்தான். இது புற்றுநோய் அல்ல. உயிருக்கு ஆபத்தான நிலையும் அல்ல. ஆகவே அவசரப்படாமல் முடிவெடுக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது.

முதல் மருத்துவர் சொல்வது, யோனியின் முனையை இடுப்பின் உள்ளிருக்கும் உறுதியான தசைநார் ஒன்றோடு, உங்கள் சொந்தத் திசுக்களைக் கொண்டே தைத்து நிறுத்தும் முறை. வயிற்றில் கீறல் இல்லை, வலையும் இல்லை, எழுந்து நடமாடுவதும் விரைவு. இதில் ஒரு பிட்டத்தில் சில வாரங்கள் வலி இருப்பதுண்டு. பெரும்பாலோருக்கு அது தானாகவே அடங்கிவிடும். இதன் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது: முன்பே தளர்ந்த திசுவையே நம்பித் தைப்பதால், குறிப்பாக யோனியின் முன்சுவரில், இறக்கம் மீண்டும் வரும் வாய்ப்பு கூடுதல்.

இரண்டாமவர் சொல்வதில், ஒரு செயற்கை வலைப் பட்டையின் ஒரு முனையை யோனியின் மேற்பகுதியிலும் மறுமுனையை முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்பின் முன்புறத்திலும் பொருத்துகிறார்கள். அறுவை நேரம் கூடுதல். முன்பு வயிற்றில் பல அறுவைகள் நடந்து குடல் ஒட்டியிருந்தால் சிக்கலும் கூடும். ஆனால் நீடித்து நிற்பதில் இதுவே முன்னிலையில் இருக்கிறது. உங்களைப் போலவே கருப்பை நீக்கத்துக்குப் பின் இறக்கம் கண்ட சுமார் 360 பெண்களைப் பின்தொடர்ந்து, 2024-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 3 ஆண்டு முடிவில் சொந்தத் திசுத் தையலில் 43 சதவீதமும், வயிற்று வழி வலையில் 28 சதவீதமும் தோல்வியாகக் கணக்கிடப்பட்டன. 43 என்ற எண்ணைக் கண்டு திகைக்க வேண்டாம். பரிசோதனையில் மட்டும் தெரியும் இறக்கத்தையும் அங்கே தோல்வி என்றே எண்ணினார்கள்; எல்லாப் பிரிவினருக்குமே தொல்லைகள் நன்றாகக் குறைந்திருந்தன.

இனி, உங்கள் பயம். அது ஆதாரமற்றது அல்ல. யோனிச் சுவரைக் கீறி அதன் வழியாகவே வைக்கப்பட்ட வலைகளால் பல பெண்கள் வலியும் புண்ணும் பட்டார்கள். 2019 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இறக்கத்துக்காக அவ்வாறு வைக்கும் வலைகளின் விற்பனையை நிறுத்த உத்தரவிட்டது. வயிற்று வழியாக வைப்பது அதிலிருந்து வேறுபட்ட அறுவை. அதிலும் வலை யோனிச் சுவரை அரித்து வெளியே தெரியும் வாய்ப்பு சிறிதளவு உண்டு, அது ஆண்டுகள் கடந்தும் நேரலாம். காரணமில்லாத கசிவோ இரத்தமோ கண்டால் உடனே காட்ட வேண்டும்.

நீங்கள் ஆரோக்கியமாக, நடமாட்டத்தோடு, தாம்பத்திய உறவிலும் இருப்பவரென்றால், என் சாய்வு வயிற்றுத் துளை வழி முறையின் பக்கம்தான். வலையோடு வாழ்வதை நினைத்தாலே உறக்கம் போகுமென்றால், தையல் முறையைத் தேர்ந்தெடுப்பதில் எந்தத் தவறும் இல்லை. எதுவானாலும், அந்த அறுவையைத் தாம் எத்தனை முறை செய்திருக்கிறார் என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். உருண்டையை உள்ளே தள்ளிவைத்து இருமச் சொல்லி, சிறுநீர் கசிகிறதா என்றும் முன்கூட்டியே பார்க்கச் சொல்லுங்கள். மறைந்திருந்த கசிவு அறுவைக்குப் பின் வெளிப்பட்டு மனத்தை நோகச் செய்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது, இதய நோயாளி. அவருக்கும் இதே இறக்கம். யோனியையே மூடிவிடும் அறுவை உண்டாமே?

பதில்: உண்டு. முன்சுவரையும் பின்சுவரையும் சேர்த்துத் தைக்கும் அந்த அறுவை குறுகிய நேரத்தில் முடியும், முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்தே செய்யலாம், 10-இல் 9 பேருக்கு மேல் பலன் தருகிறது. ஆனால் அதன் பிறகு உடலுறவு இயலாது. பழைய நிலைக்குத் திருப்பவும் முடியாது. முதலில், யோனிக்குள் வைத்து இறக்கத்தைத் தாங்கும் சிலிக்கோன் வளையத்தைப் பொருத்திப் பாருங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துச் சுத்தம் செய்து மாட்டினால் போதும், பலருக்கு அறுவையே தேவைப்படாமல் போகிறது. வளையம் நிற்கவில்லையென்றால் மூடும் அறுவையைப் பற்றிப் பேசலாம். அந்தப் பேச்சு, நீங்களோ உங்கள் சகோதரர்களோ அறையில் இல்லாமல், அம்மாவும் மருத்துவரும் மட்டும் இருக்கும்போது நடக்கட்டும்.