எட்டுக் கொடிகள்: படையா, குடியா?

அன்புள்ள ஐயா,

சீனத்தை ஆண்ட சிங் வம்சத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ‘மஞ்சுக்களின் எட்டுக் கொடிப் படைகள்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்குச் சிக்கல் அங்கேதான். நான் படித்த வரையில் 300 பேர் சேர்ந்தது ஒரு நிரு. ஐந்து நிரு ஒரு ஜலன். ஐந்து ஜலன் ஒரு கொடி. கொடிக்கு 7,500 பேர் என்றால் எட்டுக் கொடிக்கு 60,000 பேர். இந்த அறுபதாயிரம் பேரா அவ்வளவு பெரிய மிங் பேரரசைப் பிடித்தார்கள்? ஒவ்வொரு கொடியையும் இன்றைய ரெஜிமென்ட் போல எடுத்துக்கொள்ளலாமா? இந்த அமைப்பு செங்கிஸ்கானிடமிருந்து வந்ததா, சொந்தமாகக் கண்டதா? அப்பேர்ப்பட்ட படை பின்னால் ஏன் சீரழிந்தது? இன்று அதன் சுவடு ஏதாவது மிச்சம் இருக்கிறதா? விரிவாக எழுதினால் மகிழ்வேன்.

அன்புடன்,
ஆர்., கும்பகோணம்

அன்புள்ள ஆர்.,

உங்கள் பெருக்கல் சரி. ஆனால் நீங்கள் பெருக்கியது வீரர்களை என்று நினைத்துவிட்டீர்கள். நிருவின் 300 என்பது ஆயுதம் எடுக்கும் வயதில் இருந்த ஆண்களின் தலைக்கணக்கு. அவர்களில் மூவருக்கு ஒருவர் கவசம் அணிவார், மற்ற இருவர் உழுவார்கள், மாடு மேய்ப்பார்கள், கோட்டை கட்டுவார்கள். இதுதான் பொதுவான விகிதம். ஆகவே ஒரு நிருவிலிருந்து களத்துக்கு வருபவர்கள் ஏறத்தாழ நூறு பேர். உங்கள் அறுபதாயிரம் இருபதாயிரமாகிவிடுகிறது.

என் ‘படைகள்’ என்ற சொல்லும் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். கொடி என்பது முதலில் ஒரு குடிப்பதிவேடு. கணவன், மனைவி, பிள்ளைகள், அடிமைகள், நிலம், மாடு எல்லாம் அதற்குள் அடக்கம். படை அதிலிருந்து தேவைக்கு எடுக்கப்படுவது.

தொடக்கத்துக்குப் போவோம். நிரு என்றால் மஞ்சு மொழியில் பெரிய அம்பு. ஜுர்ஷென் மக்கள் (மஞ்சுக்களின் பழைய பெயர் இது) வேட்டைக்குப் போகும்போது உறவும் ஊருமாகச் சேர்ந்து போவார்கள். பத்துப் பேருக்கு ஒருவர் தலைவர். ஆளுக்கொரு அம்பு கொடுத்து ஒன்பது பேர் அவர் பின்னால் நிற்பார்கள். அவர் நிரு எஜென், அம்பின் தலைவர். காட்டை வளைத்து விலங்கை நடுவுக்கு ஓட்டும் வேட்டையில் ஒருவர் தன் இடத்தை விட்டு நகர்ந்தால் மான் அந்த இடைவெளியில் தப்பிவிடும். வரிசையைக் காக்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது. வேட்டை முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். எஜென் மறுபடி சாதாரண ஆள்.

ஜுர்ஷென் தலைவர் நுர்ஹாசி செய்த மாற்றம் ஒன்றுதான்: கலையவிடவில்லை. 1583இல் தந்தையும் பாட்டனும் கொல்லப்பட்டபோது அவர் கையில் இருந்தது 13 கவசங்கள் என்று மஞ்சு ஆவணங்கள் சொல்கின்றன. பதினெட்டு ஆண்டுகள் அக்கம்பக்கத்துக் குழுக்களை ஒவ்வொன்றாக அடக்கிய பிறகு, 1601இல், நிருவை 300 ஆண்கள் கொண்ட நிரந்தர அலகாக ஆக்கினார். மஞ்சள், வெள்ளை, சிவப்பு, நீலம் என நான்கு கொடிகள். இதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1599இல், எர்தெனி, ககாய் என்ற இருவரை வைத்து மங்கோலிய எழுத்தில் மஞ்சு மொழியை எழுதும் முறையை உருவாக்கச் செய்திருந்தார். இவ்விரண்டையும் தனித்தனியாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. யார் எந்த நிரு, யாருக்கு எத்தனை மகன்கள் என்று எழுதிவைக்க முடியாத சமூகத்தில் 300 என்ற எண்ணுக்குப் பொருளே இருக்காது.

1615இல் நான்கு எட்டானது. பழைய நான்கும் முழு நிறக் கொடிகள், புதிய நான்கும் கரை வைத்த கொடிகள். மஞ்சள், வெள்ளை, நீலத்துக்குச் சிவப்புக் கரை. சிவப்பில் சிவப்புக் கரை தெரியாது என்பதால் அதற்கு மட்டும் வெள்ளைக் கரை.

இனி ஒரு நிருவை உள்ளே திறந்து பாருங்கள். மேலே ஒரு எஜென். அவருக்கு இரண்டு துணைவர்கள். அவர்களுக்குக் கீழே நான்கு ஜங்கின்கள் (அலுவலர்கள்), நான்கு ஊர்ப் பொறுப்பாளர்கள். 300 ஆண்களும் நான்கு டாடான்களாகப் பிரிக்கப்படுவார்கள். டாடான் என்றால் வேட்டையில் ஒன்றாகத் தங்கும் முகாம். எந்த வேலை வந்தாலும், எங்கே போகச் சொன்னாலும், நான்கு டாடான்களும் முறை வைத்து ஆள் அனுப்ப வேண்டும். ஒரே வீட்டின் மேல் சுமை திரும்பத் திரும்ப விழாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. தானியத்துக்கு வரி போட்டால் மக்கள் நொந்துபோவார்கள் என்று, நிருவுக்கு 10 ஆட்களும் 4 எருதுகளும் தந்து தரிசில் பயிரிட வைத்து, விளைச்சலைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்தார்கள். 1621இல் மிங்கிடமிருந்து லியாவ்தோங் பகுதி கைக்கு வந்ததும் ஆணுக்கு ஆறு ஷாங் (ஒரு நில அளவு) நிலம்: ஐந்து தானியத்துக்கு, ஒன்று பருத்திக்கு. இப்படிப் பயிரிட்டு, பங்கிட்டு, முறை வைத்து வாழ்ந்த ஒன்றை ரெஜிமென்ட் என்று சொன்னால் பாதி விஷயம் விட்டுப்போகும்.

போருக்கு ஒரு கொடி முழுதாகக் கிளம்புவது அரிது. ‘நிருவுக்கு இத்தனை கவசம்’ என்று ஆணை வரும். எல்லா நிருக்களும் ஆள் தரும். ஆக, களத்தில் நிற்கும் படையில் எட்டுக் கொடியின் ஆட்களும் கலந்திருப்பார்கள். கொள்ளைப் பொருளும் எட்டுப் பங்கு. எந்த இளவரசரும் தன் கொடியை மட்டும் கூட்டிக்கொண்டு தனிப் போருக்குப் போக முடியாதபடி இது தடுத்தது. அணிவகுப்பில் இடம் அகலமாக இருந்தால் எட்டும் பக்கம் பக்கமாகப் போகும், குறுகினால் ஒன்றன்பின் ஒன்றாக. சண்டையில் கனத்த கவசமும் நீண்ட ஈட்டியும் உள்ளவர்கள் முன்னால், லேசான கவசத்தோடு வில்லாளிகள் பின்னால், தேர்ந்த குதிரைவீரர்கள் ஒதுங்கி நின்று எந்தப் பக்கம் தளர்கிறது என்று பார்த்திருப்பார்கள். 1619இல் சார்ஹுவில் மிங் படை நான்கு வழிகளில் பிரிந்து வந்தது. நுர்ஹாசி ஆறு கொடிகளை சார்ஹு முகாமின் மேல் ஏவி, இரண்டைப் பக்கத்து மலைக்கு அனுப்பினார். சில நாட்களுக்குள் மூன்று மிங் படைகள் சிதறின, நான்காவது சண்டையே போடாமல் திரும்பியது. நேற்று ஓரிடம், இன்று வேறிடம் என்று ஆட்களை நகர்த்த முடிந்தது, ஒவ்வொருவருக்கும் தன் நிரு எது, யார் பின்னால் நிற்க வேண்டும் என்பது தெரிந்திருந்ததால்.

செங்கிஸ்கான் கேள்விக்கு வருகிறேன். பத்து, நூறு, ஆயிரம் என்று அடுக்கும் மங்கோலிய முறை ஜுர்ஷென்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் நான் அதைவிட அருகில் பார்ப்பேன். அவர்களுடைய முன்னோர் 1115இல் சின் அரசை நிறுவுவதற்கு முந்தைய ஆண்டே, 300 குடும்பங்கள் ஒரு மோகே, பத்து மோகே ஒரு மிங்கான் என்று வகுத்திருந்தார்கள். அங்கும் 300! 1616இல் நுர்ஹாசி தன் அரசுக்குப் பின்னைய சின் என்று அந்தப் பழைய பெயரையே எடுத்துக்கொண்டார். இது நேரடித் தொடர்ச்சி என்று நிறுவ முடியாவிட்டாலும், எண்ணிலும் பெயரிலும் பாட்டன் வீட்டுச் சாயல் இருக்கிறது.

இருபதாயிரம் பேர் எப்படிச் சீனத்தைப் பிடித்தார்கள் என்பதற்கு விடை, பதிவேடு வளரும் தன்மையது என்பதுதான். தோற்ற குழுவை அழிக்காமல் நிருக்களாக வெட்டி ஏட்டில் சேர்த்தார்கள். ஆட்களோடு தானாக வந்து சேர்ந்த தலைவருக்கு அந்த நிரு பரம்பரை உரிமை. நுர்ஹாசியின் மகன் ஹொங் தாய்ஜி 1635இல் மங்கோலியர்களுக்குத் தனியாக எட்டுக் கொடிகள் அமைத்தார். பீரங்கி வார்க்கவும் சுடவும் தெரிந்த லியாவ்தோங் சீனர்களை 1631இல் ஒரு தனிப் பிரிவாக்கினார். அது 1637இல் இரண்டு கொடி, 1639இல் நான்கு, 1642இல் எட்டு. அவர்களுக்கு மஞ்சு மொழியில் உஜென் சோஹா, அதாவது கனத்த படை, என்று பெயர். எட்டு என்று நாம் சொல்வது உண்மையில் மூவெட்டு இருபத்துநான்கு. 1648ஆம் ஆண்டுக் கணக்கு கிடைத்திருக்கிறது: மஞ்சு ஆண்கள் 55,330, மங்கோலியர் 28,785, கொடிச் சீனர் 45,849, கொடிக்குடும்பங்களின் சீன அடிமை ஊழியர் 2,16,967. மொத்தம் 3,46,931இல் மஞ்சுக்கள் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. இதற்கும் வெளியே, வூ சாங்குயி போல மிங் தளபதிகள் தம் படையோடு பக்கம் மாறி வந்தார்கள். தெற்கு அவர்கள் கையால்தான் பெரிதும் அடங்கியது.

ஹொங் தாய்ஜி அரியணை ஏறிய 1626இல் ஒரு வேடிக்கையான மாற்றம் நடந்தது. அவர் கொடி அதுவரை வெள்ளை. கான் என்றால் மஞ்சள் வேண்டுமே. ஆட்களை மாற்றவில்லை, துணியை மாற்றிவிட்டார்கள். பழைய ஆவணங்களில் ஒரு நிருவைத் தேடுகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இது. கொடிகள் இளவரசர்களின் சொத்தாக இருந்தது பெரிய ஆபத்து. கானுக்கு எதிராகக் கொடியே திரும்பலாம். இளவரசர் அமின் 1630இல் சிறைப்பட்டதும் இளவரசர் மங்குல்தாய் 1631இல் பதவி இறக்கப்பட்டதும் இந்த இழுபறியில்தான். சிறுவனாக இருந்த பேரரசருக்காக ஆட்சி நடத்திய இளவரசர் தோர்கோன் 1650இல் இறந்த பிறகு அவருடைய முழு வெள்ளையும் பேரரசர் கைக்கு வந்தது. இரண்டு மஞ்சளும் முழு வெள்ளையும் மேல் மூன்று கொடிகள், மற்றவை கீழ் ஐந்து என்ற பிரிவு அப்போது உறுதியானது.

சீரழிவைச் சோம்பல், சொகுசு என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம். கணக்கைப் பார்த்தாலே காரணம் தெரியும். 1644இல் பெய்ஜிங் கைக்கு வந்த பிறகு கொடிமக்கள் பெய்ஜிங்கின் உள்நகரிலும் ஷியான், ஹாங்சோ, குவாங்சோ போன்ற காவல் நகரங்களிலும் குடியேற்றப்பட்டார்கள். வணிகம் செய்யக்கூடாது, கைத்தொழில் கூடாது. பெய்ஜிங்கில் குதிரைவீரருக்கு மாதம் 3 லியாங் வெள்ளி, காவற்படை வீரருக்கு 4, காலாளுக்கு ஒன்றரை, அதோடு அரிசி. ஒரு லியாங் சுமார் 37 கிராம். சம்பளம் பதவிக்கு, ஆளுக்கு அல்ல. பதவிகளின் எண்ணிக்கை பேரரசு முடிவு செய்வது. பிள்ளைகள் அப்படிப் பிறப்பதில்லை. மஞ்சு ஆண்கள் 1648இல் 55,330 என்றால் 1720இல் 1,54,117. எழுபத்திரண்டு ஆண்டில் ஏறத்தாழ மூன்று மடங்கு. கவசம், அதாவது சம்பளப் பதவி, கிடைக்காத தம்பிகள் அண்ணன் சம்பளத்தில் சாப்பிட்டார்கள். அதே சம்பளத்தில்தான் வில், கவசம், குதிரை எல்லாம். முதலில் அடகுக்குப் போனது ஆயுதம், ஏனென்றால் சமாதான காலத்தில் வீட்டில் சும்மா இருந்த பொருள் அதுதான்.

காங்ஷி பேரரசர் 1690களின் தொடக்கத்தில் 50 லட்சம் லியாங்குக்கும் மேல் கொடுத்துக் கடனை அடைத்தார். வட்டிக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள், மறுபடி கடன். அடுத்த பேரரசர் யோங்செங் 1724இல் இளைஞர்களுக்குப் பயிற்சி வீரர் என்ற புதிய பதவிகள் தந்தார். அவருக்குப் பின் வந்த சியான்லோங் 1754இல் ஃபூசோவில் தொடங்கி, கொடிச் சீனர்களை ஏட்டிலிருந்து விடுவித்து அந்த இடங்களை மஞ்சுக்களுக்குக் கொடுத்தார். சேர்த்துச் சேர்த்து வளர்ந்த பதிவேட்டிலிருந்து ஆட்களை நீக்க வேண்டிய நிலை.

ஆனால் வீரம் இல்லாமல் போகவில்லை. 1842 ஜூலை 21 அன்று ஷென்ஜியாங் காவல் நகரைப் பிரிட்டிஷ் படை தாக்கியது. அந்தப் படையில் மெட்ராஸ் காலாட்படைச் சிப்பாய்களும் இருந்தார்கள் என்பது நமக்கு நெருக்கமான செய்தி. கொடிவீரர்கள் தெருத்தெருவாக நின்று சண்டையிட்டார்கள். நகர் விழுந்தபோது பலர் மனைவி மக்களைத் தம் கையாலேயே கொன்றுவிட்டுத் தாமும் இறந்தார்கள். படை வேறு, குடும்பம் வேறு என்று இருந்திருந்தால் பின்வாங்கியிருக்கலாம். அவர்களுக்குக் குடியும் படையும் ஒரே மதிலுக்குள் இருந்தன.

சுவடு கேட்டீர்கள். 1764இல் முக்தென் (இன்றைய ஷென்யாங்) பகுதியிலிருந்து சிபே இனத்து வீரர்கள் ஆயிரம் பேரைக் குடும்பத்தோடு மேற்கே இலி ஆற்றங்கரைக்கு அனுப்பினார்கள். சந்திரக் கணக்கில் நான்காம் மாதம் பதினெட்டாம் நாள் விடைபெற்றார்கள், அந்த நாளை இன்றும் கொண்டாடுகிறார்கள். மஞ்சுவுக்கு மிக நெருங்கிய மொழியை அங்கே இன்னும் பேசுகிறார்கள். அந்த வட்டாரம் சப்சால், ஷின்ஜியாங்கில் கசாக் எல்லைக்கு அருகில் இருக்கிறது. வரைபடத்தில் தேடினால் சுன்ஜாச்சி நிரு, நதாச்சி நிரு என்று ஊர்ப்பெயர்கள் தெரியும். ஐந்தாம் அம்பு, ஏழாம் அம்பு.

அன்புடன்