கனத்த ரிவால்வர் எங்கே தேயும்?

கேள்வி: அப்பாரு வைத்திருந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .357 மேக்னம், பெரிய என்-ஃப்ரேம், முறைப்படி என் லைசென்ஸுக்கு மாறி வந்திருக்கிறதுங்க. மேக்னம் தோட்டா போட்டால் சீக்கிரம் கெட்டுவிடும் என்கிறார்கள். நிஜமா? தோட்டத்துக் காவலுக்கு உதவுமா?
- வாசகர், காங்கேயம்

பதில்: அந்தப் பேச்சு நடுத்தர ஃப்ரேமை, அதாவது நடுத்தர அளவு உடற்சட்டத்தைப் பற்றியது. 1955-இல் வந்த மாடல் 19-இல், கிரேனுக்கு (தோட்டா அடைக்கும் சிலிண்டரைத் தாங்கி வெளியே திறக்கவிடும் கை) இடம் விட, பேரலின் பின்வாயை அடிப்பக்கம் தட்டையாகச் சீவியிருப்பார்கள். 125 கிரெய்ன் (சுமார் 8 கிராம்) எடைக் குண்டுள்ள வேகத் தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டபோது விரிசல் விட்டது அந்த மெல்லிய இடத்தில்தான். என்-ஃப்ரேமில் அந்தச் சீவல் இல்லை. 1935-இல் .357 மேக்னம் பிறந்ததே இந்த ஃப்ரேமில்தான்.

இதில் தேய்வது வேறு. .44 தோட்டாவுக்கும் இடம் கொடுக்கிற சிலிண்டரில் .357 துளை போட்டால் இரும்பு அதிகம் மிஞ்சும். ட்ரிகரை வேகவேகமாக இழுத்தால் அந்தக் கனம் சுற்றிவந்து, சிலிண்டரைப் பிடித்து நிறுத்தும் பூட்டு நாக்கில் மோதும். நாளாக ஆக அந்த நாக்கு விழும் சிலிண்டர் பள்ளங்களின் ஓரம் பிதுங்கும்.

சோதிப்பது சுலபம். ஆறு துளையும் காலி என்று கண்ணால் பார்த்த பிறகே தொடங்குங்கள். சிலிண்டர்மேல் விரலை லேசாக வைத்துக்கொண்டு ஹேமரைக் கட்டைவிரலால் மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஹேமர் நிற்பதற்குள் சிலிண்டர் ‘டக்’கென்று பூட்ட வேண்டும். ஆறு துளைக்கும் பாருங்கள்; ஒன்று பிந்தினாலும் சுடாதீர்கள். துளையும் பேரலும் நேர்கோட்டில் இல்லாவிட்டால் குண்டு சீவப்பட்டு, ஈயத்தூள் பக்கவாட்டில் தெறிக்கும். அடுத்து, பேரலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். 0.10 முதல் 0.25 மி.மீ. வரை சரி. சிலிண்டரை முன்னும் பின்னும் தள்ளும்போது அந்த இடைவெளி வெகுவாக மாறினால் ஆட்டம் விழுந்திருக்கிறது. சிலிண்டருக்கு மேலே ஓடும் மேல்பட்டையில் தீ அரித்த மெல்லிய கோடு தெரிந்தால் பதற வேண்டாம், ஓர் அளவோடு நின்றுவிடும். சினிமாவில்போல மணிக்கட்டைச் சுண்டி சிலிண்டரை மூடுவதுதான் கிரேனை வளைக்கிறது.

காவலுக்கா? ஒரு கிலோவுக்கு மேல் எடை. இருட்டில் ஒரு கையில் டார்ச், மறுகையில் இது என்றால் குறி நிற்காது. தீச்சுடர் கண்ணைக் கூச வைக்கும். குண்டு தகரக் கதவைத் துளைத்து அப்பாலும் போகும். நல்ல விளக்கும் நாயும் முதலில்.

கேள்வி: தேய்ந்த பாகத்தைப் பீளமேட்டு லேத் பட்டறையில் செய்துகொள்ளலாமா?
- வாசகர், கோவை

பதில்: பட்டறைக்காரர் செய்துவிடுவார், கை அப்படி. ஆனால் 1959 ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவுப்படி, துப்பாக்கியைப் பழுதுபார்க்கத் தனி உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற ஆயுதக் கடை வழியாகவே கொடுங்கள்.

கேள்வி: தோல் உறையிலேயே வைத்திருந்தேன். நீலப் பூச்சில் துருப் புள்ளிகள்.
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: தோல் ஈரத்தை இழுத்து இரும்போடு ஒட்டவைக்கும். கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடியில் கேட்கவே வேண்டாம். உறையைத் தனியாக வையுங்கள். துணியில் எண்ணெய் தொட்டு மெல்லிசாகத் துடைத்து, பூட்டிய இரும்பு அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். புள்ளியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பூச்சும் போய்விடும்.