இரண்டு சிகரெட்தானே டாக்டர்?

கேள்வி: எனக்கு 32 வயது. பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். முடி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 6 நாள் ஆகிறது. தினம் ஒரு பாக்கெட் சிகரெட் பிடித்தவன், இப்போது இரண்டாகக் குறைத்திருக்கிறேன். அது போதாதா? ஹெல்மெட் போடலாமா? உடம்புச் சூடு தணிய நல்லெண்ணெய் வை என்கிறார் அம்மா. வைக்கலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: பாக்கெட்டிலிருந்து இரண்டுக்கு வந்தது சின்ன விஷயமில்லை தம்பி. ஆனாலும் அந்த இரண்டையும் இன்றே விட்டுவிடுங்கள்.

பின்மண்டையிலிருந்து எடுக்கும்போதே ஒவ்வொரு முடிவேருக்கும் ரத்த ஓட்டம் அறுந்துபோகிறது. நட்ட முதல் சில நாள், சுற்றியுள்ள சதையில் கசியும் நீரில்தான் அது உயிர் பிடித்துக் கிடக்கும். அப்புறம்தான் புது ரத்த நாளங்கள் வந்து சேரும். நாற்று நட்ட வயலுக்குத் தண்ணீர் போகிற நேரம் இது. நிகோடின் ரத்த நாளங்களைச் சுருக்கி அந்த மடையை அடைக்கிறது. வருகிற கொஞ்ச ரத்தத்திலும் ஆக்ஸிஜனின் இடத்தைப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு பிடித்துக்கொள்கிறது. சிகரெட்டுக்குப் பதிலாக மெல்லும் நிகோடின் சூயிங்கத்திலும் அதே நிகோடின்தான். உங்கள் டாக்டரைக் கேட்காமல் மெல்லாதீர்கள்.

என்னிடம் வந்த ஒரு லாரி டிரைவர் புகைப்பதை மறைத்துவிட்டார். பத்தாம் நாளிலும் பின்மண்டைப் புண் ஈரமாகவே இருந்தது. கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். முன்பே சொல்லியிருந்தால் தேதியைத் தள்ளிப்போட்டிருப்பேனே என்று இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது. நீங்கள் மறைக்காமல் எழுதியதே எனக்கு நிம்மதி. கை பரபரத்தால் சிகரெட் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 1800 11 2356 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், கட்டணம் கிடையாது.

மதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

வேர் உறுதியாகப் பிடிக்கப் பத்து நாளாவது ஆகும். அதற்குள் ஹெல்மெட்டைக் கழற்றினால் நட்டதும் கூடவே வரலாம். அதற்காக ஹெல்மெட் இல்லாமல் பைக் ஓட்டிவிடாதீர்கள். டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை பஸ்ஸில் போங்கள்.

எண்ணெய் ஒரு மாதம் பொறுக்கட்டும். தேய்க்கிற விரல் பொருக்கோடு முடியையும் இழுத்துவிடும். மூன்றாவது வாரவாக்கில் நட்ட முடி கொட்டத் தொடங்கும். 'எண்ணெய் வைக்காததால்தான்' என்று அம்மா பதறுவார். கொட்டுவது முடி மட்டும்தான், வேர் உள்ளேயே இருக்கிறது, மூன்று நான்கு மாதத்தில் முளைக்கத் தொடங்கும் என்று அவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.