ஜெர்மனில் சொந்த ஊரைச் சொல்லும்போது சில நாடுகளுக்கு முன் மட்டும் 'டெர்' வருவது ஏன்?

'வோஹேர் கொம்மென் ஸீ?' (நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள்?) என்று மரியாதையாகக் கேட்பவருக்கு, 'இஹ் கொம்மெ அவுஸ்' (நான் ...இலிருந்து வருகிறேன்) என்று தொடங்கி ஊர் அல்லது நாட்டின் பெயரைச் சேர்த்துச் சொன்னால் போதும்: அவுஸ் இன்டியன், அவுஸ் பெர்லின்.

நீங்கள் கேட்ட 'டெர்', பெயரோடு சுட்டுச்சொல்லும் (ஆங்கிலத்தின் 'the' போன்றது) சேர்ந்தே வழங்கும் சில நாடுகளுக்கு மட்டும் உரியது. சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் பெயரான 'டீ ஷ்வைட்ஸ்' பெண்பால். 'அவுஸ்' தனக்குப் பின்வரும் பெயரை எப்போதும் டாட்டிவ் என்னும் ஜெர்மன் வேற்றுமைக்கு மாற்றுவதால், அதில் சுட்டுச்சொல்லின் வடிவமும் மாறும்; அதனால், 'டீ' என்பது 'டெர்' ஆகி 'அவுஸ் டெர் ஷ்வைட்ஸ்' என்றாகிறது. துருக்கியும் உக்ரைனும் இவ்வாறே. நெதர்லாந்து பன்மை என்பதால் 'அவுஸ் டென் நீடர்லாண்டன்'. ஆண்பாலான இராக்கை 'அவுஸ் டெம் இராக்' என்றும், சுட்டு இல்லாமலும் சொல்கிறார்கள். ஆகவே இத்தகைய பெயர்களைச் சுட்டோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். பின்னர் பிரித்துக் கற்பது மிகக் கடினம்.

நகரங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வியன்னா 'வீன்' என்றும், மிலான் 'மைலண்ட்' என்றும் மாறுவதை ரயில் நிலையப் பலகையைப் படிப்பதற்காகவேனும் அறிந்திருக்க வேண்டும்.

பிறந்த ஊரும் வசிக்கும் ஊரும் வேறானால், ஜெர்மனியின் ஹம் நகரில் வாழும் யாழ்ப்பாணத்தார் ஒருவர் இப்படிச் சொல்லலாம்: 'இஹ் கொம்மெ அவுஸ் ஜாஃப்னா, வோனெ ஆபர் இன் ஹம்' (நான் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறேன், ஆனால் ஹம்மில் வசிக்கிறேன்).