ஒரே அட்டைப்பெட்டியில் ஆறு ரகக் குஞ்சு வளருமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் கோழிக்குஞ்சு பற்றியவைதான் அதிகம். பள்ளிக்கு லீவு விட்டாச்சு, பிள்ளைகள் கேட்கிறார்கள், வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். நாலு கடிதத்தை எடுத்துக்கொண்டேன், நாலும் வடசென்னை. முதல் கடிதத்துக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்த வீட்டில் பெரும்பாலான குஞ்சுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

கேள்வி: என் பையன் ஆசைப்பட்டான் என்று அவன் மாமா ஒரே நாளில் பதினாறு குஞ்சு வாங்கி வந்துவிட்டார். சிறுவிடை நாலு, கருங்கோழி மூணு, கழுத்தறுத்தான் ஒண்ணு, சாயம் போட்ட கலர் குஞ்சு ரெண்டு, வான்கோழிக் குஞ்சு ரெண்டு, காடைக் குஞ்சு நாலு. டிவி வந்த அட்டைப்பெட்டியில் பேப்பர் விரித்து எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, 60 வாட்ஸ் குண்டு பல்பு கட்டியிருக்கிறேன். ரெண்டு காடை தண்ணீர்த் தட்டிலேயே விழுந்து செத்துப்போச்சு. கழுத்தறுத்தானை மற்றதெல்லாம் கொத்துகிறது. ஜாதி விட்டு ஜாதி ஒன்றாக வளராது என்கிறார் பக்கத்து வீட்டம்மா. உண்மையா? (வாசகி, வியாசர்பாடி)

பதில்: பக்கத்து வீட்டம்மா சொல்வதில் பாதி சரி அம்மா. இதைப் படித்ததும் முதலில் மீதி ரெண்டு காடையை ஒரு பெட்டிக்கும், ரெண்டு வான்கோழியை இன்னொரு பெட்டிக்கும் மாற்றிவிடுங்கள். மற்ற பத்தும் ஒன்றாகவே இருக்கலாம்.

சிறுவிடை, கருங்கோழி, கழுத்தறுத்தான், கலர் குஞ்சு நாலுமே கோழிதான். எல்லாம் 21 நாளில் பொரிப்பவை, எல்லாவற்றுக்கும் ஒரே சூடு, ஒரே தீவனம், ஒரே மாதிரித் தடுப்பூசிகள் போதும். நிறம் வேறாக இருப்பதால் சண்டை வருவதில்லை. ஒன்றாகப் போட்டு வளர்த்தால் நாலே நாளில் பழகிவிடும். பார்க்க வேண்டியது வயசு. ஒரு வாரத்துக்கு மேல் வயசு வித்தியாசம் இருந்தால் பெரியது சின்னதை மிதிக்கும், தீவனத்தட்டில் இருந்து தள்ளிவிடும், சின்னது பட்டினியிலேயே போய்விடும். கடைக்காரர்கள் மூணு நாள் குஞ்சையும் பத்து நாள் குஞ்சையும் ஒரே கூடையில் வைத்துத்தான் விற்கிறார்கள், அதனால் இறக்கையைப் பாருங்கள். இறக்கையில் நீளமாகச் சிறகு வந்திருப்பது மூத்தது, வெறும் பஞ்சாக இருப்பது இளசு. அப்படி ரெண்டு வயசு கலந்திருந்தால் பெட்டிக்கு நடுவில் ஒரு வலைத் தடுப்பு வைத்து, பத்து நாள் ஒன்றை ஒன்று பார்த்தபடி வளரவிட்டு, அப்புறம் சேருங்கள்.

கலர் குஞ்சு பற்றி ஒரு வார்த்தை. அவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைக்காகப் பொரித்ததில் கழித்த சேவல் குஞ்சுகள். முட்டை இடாது, கறியும் சீக்கிரம் ஏறாது என்பதால் பண்ணைக்கு வேண்டாம். சாயத்தில் நனைத்து, வெயிலிலும் காற்றிலும் கூடையில் வைத்துத் தெருத்தெருவாகக் கொண்டு வருகிறார்கள். வீட்டுக்கு வந்த ரெண்டாம் நாள் அது செத்தால் பிள்ளையின் கைராசி சரியில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம், வரும்போதே குளிரிலும் தாகத்திலும் பாதி உயிர் போயிருக்கும். பிழைத்துவிட்டால் சிறகு முளைக்க முளைக்கச் சாயம் போய் வெள்ளைச் சேவலாக நிற்கும், நன்றாகவே வளரும். மூணாவது வாரத்திலேயே மார்பு அகலமாகி, நாலடி நடந்ததும் உட்கார்ந்துகொண்டால் அது பிராய்லர். அதை மட்டும் பிரித்துவிடுங்கள், விட்டால் மற்றவற்றின் தீவனத்தையும் தின்றுவிட்டு அதன் காலே அதைத் தாங்காமல் போகும்.

கழுத்தறுத்தானைக் கொத்துவது ஜாதிப் பகையால் இல்லை. அதற்குக் கழுத்தில் முடி கிடையாது, சிவந்த தோல் வெளியே தெரிகிறது, குஞ்சுகளுக்குச் சிவப்பைக் கண்டால் கொத்தத் தோன்றும். நெருக்கடியும், சூடும், கண்ணைக் கூசும் வெளிச்சமும் சேர்ந்தால் அந்தக் கொத்தல் நிற்காது. ஒரு குஞ்சுக்கு நாலு வாரம் வரை அரை சதுர அடி, அதற்கு மேல் எட்டு வாரம் வரை ஒரு சதுர அடி இடம் வேண்டும். பதினாறு குஞ்சு அந்தப் பெட்டிக்குள் இருந்தது, அதுதான் காரணமாக இருக்கும். ரத்தம் கசிந்தால் அன்றைக்கே தனியாக எடுத்து, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவி, காயம் ஆறிய பிறகு விடுங்கள். விடும்போது பகலில் விடாமல் ராத்திரி விளக்கணைக்கும் நேரத்தில் உள்ளே வையுங்கள், காலையில் எல்லாம் ஒன்றாகவே எழுந்திருக்கும்.

பல்புக்கு வருவோம். முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும், அப்புறம் வாரம் மூணு டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம் என்பது கணக்கு. ஆனால் இது மே மாதம், அதுவும் மாடி வீடு. பகலில் நம் வீட்டு அறையே 35-ஐத் தாண்டும்போது அதற்கு மேல் ஒரு குண்டு பல்பு எதற்கு? தெர்மாமீட்டர் வாங்க வேண்டாம், குஞ்சைப் பாருங்கள். பல்புக்குக் கீழே ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர்கிறது. மூலைக்கு ஓடி, வாயைத் திறந்து இறக்கையை விரித்து நின்றால் வேகிறது. பெட்டி முழுக்கப் பரவி, சில தின்று, சில தூங்கிக்கொண்டிருந்தால் சரியாக இருக்கிறது. ராத்திரிக்கு மட்டும் போடுங்கள், அதுவும் ஒரு மூலையில், வேண்டாதது தள்ளிப் போக இடம் விட்டு.

வெறும் பேப்பர் விரித்தால் கால் வழுக்கி, இரண்டு பக்கமும் கால் அகண்டு போய்விடும், பிறகு நிமிர்வது கஷ்டம். முதல் ரெண்டு மூணு நாள் பேப்பருக்கு மேல் பழைய கோணித்துண்டோ சொரசொரப்பான துணியோ போடுங்கள், அப்புறம் ரெண்டு அங்குலத்துக்கு உமி. மரத்தூள் வேண்டாம், தீவனம் என்று தின்றுவிடும். உமி நனைந்த இடத்தை அன்றன்றைக்கு அள்ளிவிட வேண்டும், கடற்காற்று அடிக்கிற ஊரில் நனைந்த உமி தானாகக் காயாது. மூணாவது வாரத்துக்கு மேல் ரத்தக்கழிச்சல் வருவதே இந்த ஈர உமியில்தான்.

இப்போது காடையும் வான்கோழியும் ஏன் தனி என்று சொல்கிறேன். காடைக் குஞ்சு பிறக்கும்போது எட்டு கிராம்தான், கோழிக்குஞ்சின் காலடியில் நசுங்கிவிடும். தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டு நிறையப் போட்டு, இடுக்கில் தேங்கும் தண்ணீரை மட்டும் குடிக்க வையுங்கள், தண்ணீரில் விழுந்து சாகாது. வான்கோழி விஷயம் வேறு. கோழியின் குடலில் ஒரு சின்னப் புழு இருக்கும், அந்தப் புழுவின் முட்டைக்குள் கருந்தலை நோய்க்கிருமி ஒளிந்திருக்கும். கோழிக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, வான்கோழிக்கு வந்தால் ஈரல் போய்விடும். நாலு வருஷத்துக்கு முன் நானும் கோழிகளோடுதான் ஆறு வான்கோழிக் குஞ்சு விட்டேன். ரெண்டு மாசம் துள்ளி விளையாடியவை, திடீரென்று மஞ்சளாகக் கழிந்து, தலையைத் தொங்கப் போட்டு, பத்து நாளில் அஞ்சு போய்விட்டது. கடைசியாகச் செத்ததை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எடுத்துப் போனேன், அறுத்துப் பார்த்த டாக்டர் ஈரலில் வட்ட வட்டமாக இருந்த புண்ணைக் காட்டினார். இன்றைக்கும் அது கண்ணிலேயே நிற்கிறது. கோழி நடந்த மண்ணில் அந்தப் புழு முட்டை வருஷக்கணக்கில் கிடக்கும், அதனால் வான்கோழிக்குத் தட்டு, துடைப்பம், இடம் எல்லாமே தனி. இன்னொன்று, வான்கோழிக் குஞ்சுக்குத் தின்னவே தெரியாது. தட்டில் விரலால் தட்டித் தட்டிக் காட்டுங்கள், பையனிடம் அந்த வேலையைக் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வான்.

கேள்வி: வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர், கருவாட்டுக்குப் பஞ்சமில்லை. நாட்டுக்குஞ்சும் கிராமப்பிரியா ரகக் குஞ்சுமாக இருபது வைத்திருந்தேன். சத்து ஏறட்டும் என்று நொய்யோடு கருவாட்டுத் தூள் கலந்து போட்டேன். ஓயாமல் தண்ணீர் குடித்தன, தண்ணீராகவே கழிந்தன, வயிறு வீங்கி ஒன்பது செத்துவிட்டன. யாராவது மருந்து வைத்திருப்பார்களோ? (வாசகி, காசிமேடு)

பதில்: யாரும் மருந்து வைக்கவில்லை, மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது அத்தனையும் உப்பு ஏறியதன் அடையாளம். பெரிய கோழி கொஞ்சம் தாங்கும், குஞ்சின் சிறுநீரகம் தாங்காது. கருவாட்டை நிறுத்திவிட்டு மிச்சம் இருப்பவற்றுக்கு நல்ல தண்ணீர் வையுங்கள், ஒரேயடியாகக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக. போர் தண்ணீர் கரிக்கிறது என்றால் அதுவும் வேண்டாம், நீங்கள் குடிக்கும் தண்ணீரையே கொடுங்கள்.

உங்கள் எண்ணம் சரிதான், நொய் மட்டும் போட்டால் புரதம் போதாது. நொய்யில் 8 சதவீதம் இருந்தால் அதிகம், குஞ்சுக்கு 20 சதவீதமாவது வேண்டும். முதல் எட்டு வாரம் குஞ்சுத் தீவனம் என்றே கேட்டு வாங்குங்கள். கடையில் முட்டைக்கோழித் தீவனத்தைக் கொடுத்தால் வாங்காதீர்கள், அதில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மீன் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் உப்புப் போடாத பச்சை மீனை வேகவைத்து, முள் நீக்கி, உதிர்த்து, ஒரு பிடி. தீவனத்தை மூட்டையாக வாங்கி வைக்காதீர்கள், கடலோரத்து ஈரத்தில் பூசணம் பிடித்துவிடும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிக் குஞ்சுகள் செத்தது பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்றுதான்.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். மொட்டை மாடியில் பன்னிரண்டு குஞ்சு இருக்கிறது. தடுப்பூசி மருந்தைக் குழாய்த் தண்ணீரில் கலந்து கொடுத்தேன். அப்படியும் பாதி குஞ்சு வெள்ளைக்கழிச்சலில் போய்விட்டது. மருந்து போலியா? (வாசகர், திருவொற்றியூர்)

பதில்: தம்பி, மருந்து போலி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, தண்ணீரைத்தான் சந்தேகப்படுகிறேன். அந்த மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ். மெட்ரோ வாட்டரில் இருக்கும் குளோரின் அதைக் கொன்றுவிடும். அடுத்த முறை ஏழாம் நாளில் ராணிக்கெட் மருந்தை (நீங்கள் சொல்லும் வெள்ளைக்கழிச்சல்தான் ராணிக்கெட்) கண்ணில் ஒரு சொட்டு விடுங்கள், பன்னிரண்டு குஞ்சுக்கு அது கால் மணி நேர வேலை. பதினாலாம் நாள் கம்போரோ என்ற நோய்க்கு, நாலாவது வாரத்தில் மறுபடி ராணிக்கெட்டுக்குச் சொட்டு, ஆறாவது வாரம் அம்மைக்கு இறக்கையில், எட்டாவது வாரம் ராணிக்கெட்டுக்கு ஊசி. நம் பக்கம் கொசு இருக்கிற இருப்புக்கு அம்மைத் தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள், அதைக் கொசுவும் பரப்பும்.

மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டு வர வேண்டும், கரைத்த பிறகு ரெண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். குப்பி பெரும்பாலும் நூறு குஞ்சுக்கு மேல் அளவுள்ளதாகத்தான் கிடைக்கும். தெருவில் கோழி வைத்திருக்கும் நாலு வீட்டைச் சேர்த்து ஒரே நாளில் போடுங்கள், காசும் மிச்சம், பக்கத்து வீட்டுக் கோழியில் இருந்து நோய் வருவதும் நிற்கும். மருந்து எங்கே கிடைக்கும், எப்போது முகாம் என்பதற்கு உங்கள் பகுதி கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

கேள்வி: அடைக்கோழியிடம் வாங்கின குஞ்சைச் சேர்க்கலாமா? ராத்திரி பெருச்சாளி தொல்லை வேறு. (வாசகர், கொருக்குப்பேட்டை)

பதில்: அதன் குஞ்சு பொரித்து ரெண்டு நாளுக்குள் என்றால் சேர்க்கலாம். இருட்டியதும் இறக்கைக்கு அடியில் ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுங்கள், விடிந்ததும் பக்கத்தில் நின்று பாருங்கள். எல்லாம் வெளிர் குஞ்சாக இருக்கும் இடத்தில் கருங்கோழிக் குஞ்சை விட்டால் சில தாய்க்கோழிகள் கொத்தி விரட்டும், அப்படிச் செய்தால் உடனே எடுத்துவிடுங்கள், பழகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். பெருச்சாளிக்குக் கோழி வலை ஒரு தடையே இல்லை, கடித்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) வாங்கி, அடிப்பக்கமும் சேர்த்து அடியுங்கள், கூண்டைத் தரையில் இருந்து ரெண்டு அடி தூக்கி வையுங்கள். ராத்திரி தீவனத்தட்டை வெளியே விடாதீர்கள், அந்த வாசனைக்குத்தான் அது முதலில் வருகிறது.